கனெக்ஷன் திறந்ததும் எக்ஸ்டென்ஷன் எப்போது விழிக்கிறது?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அறிக்கை எடுக்கும் கணக்கிலிருந்து வரும் குவெரிகளில் எது இழுக்கிறது, ஏன் இழுக்கிறது என்று பார்க்கும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தோம். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் சர்வரான போஸ்ட்கிரஸில் அதற்கென்றே ஆட்டோ_எக்ஸ்பிளெயின் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது சேர்த்து மாட்டிக்கொள்ளும் கூடுதல் வசதி, இருக்கிறது. நாம் வைத்த நேரத்துக்கு மேல் ஓடிய குவெரியின் திட்டத்தை அதுவே லாகில் எழுதிவிடும்.

“அண்ணா, அது இந்த மெஷின்ல இல்லை போல. கிரியேட் எக்ஸ்டென்ஷன் கொடுத்தா கன்ட்ரோல் ஃபைல் இல்லைங்குது.”

“மெஷின்ல இருக்கு. ஆனா அதுக்கு கிரியேட் எக்ஸ்டென்ஷன் கிடையாது.”

“எக்ஸ்டென்ஷனுக்கு கிரியேட் எக்ஸ்டென்ஷன் கிடையாதா?”

அவன் கேட்டது நியாயம்தான். தப்பு அவன் மேல் இல்லை. ‘எக்ஸ்டென்ஷன் போடுவது’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒரு மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்து பெட்டியோடு பரணில் வைத்தால் அது வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். இறக்கி மேடையில் வைத்து ‘இனி சட்னி இதில்தான்’ என்று வீட்டாரிடம் சொல்வது அடுத்த வேலை. சொருகி ஸ்விட்ச் போடுவது மூன்றாவது. மேடையில் இருந்தும் ஸ்விட்ச் போடாமல் இருக்கலாம்.

போஸ்ட்கிரஸில் முதல் வேலை, எக்ஸ்டென்ஷனின் கோப்புகளைச் சர்வரின் டிஸ்கில் வைப்பது. லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் அதைச் செய்துவிடும். இரண்டாவது, கிரியேட் எக்ஸ்டென்ஷன். இது ஒரு டேட்டாபேஸுக்குள் நடக்கும் காரியம்: எக்ஸ்டென்ஷனோடு வந்த எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டை ஓட்டி, அதிலுள்ள ஃபங்ஷன், டைப், வியூ எல்லாவற்றையும் உருவாக்கி, பிஜி_எக்ஸ்டென்ஷன் என்ற பட்டியலில் ஒரு வரி எழுதிவைக்கிறது. பக்கத்து டேட்டாபேஸுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கேயும் வேண்டுமென்றால் அங்கேயும் போட வேண்டும். மூன்றாவது, சியில் எழுதிக் கம்பைல் செய்த லைப்ரரிக் கோப்பை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸின் நினைவகத்தில் ஏற்றுவது.

ஆட்டோ_எக்ஸ்பிளெயினுக்கு இரண்டாவது வேலையே இல்லை. அதில் எஸ்க்யூஎல்லில் கூப்பிட ஒரு ஃபங்ஷன்கூடக் கிடையாது. லைப்ரரி ஏறினால் வேலை செய்யும், ஏறாவிட்டால் செய்யாது. இதற்கு நேர் எதிராக, சிக் கோடே இல்லாமல் வெறும் எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டாக வரும் எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. அவற்றுக்கு மூன்றாவது வேலை இல்லை. குவெரிகளின் கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸுக்கு மூன்றுமே வேண்டும்.

கிரியேட் எக்ஸ்டென்ஷன் என்ற கட்டளையே 2011இல் 9.1 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன் ஸ்கிரிப்டை நாமே ஓட்டுவோம். எடுக்க வேண்டுமென்றால் ‘அன்இன்ஸ்டால்’ என்று பெயர் தொடங்கும் இன்னொரு ஸ்கிரிப்டைத் தேடிப்பிடித்து ஓட்டுவோம். இரண்டாவது வேலை ஒரே கட்டளையாக அழகாகச் சுருங்கியதால், முழு வேலையும் அதுதான் என்ற எண்ணம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரை மூன்றாவது வேலையைப் பற்றியது. அது எப்போது நடக்கிறது என்பதற்கு ஒரே பதில் இல்லை. சர்வர் கிளம்பும்போது நடக்கலாம், ஒரு கனெக்ஷன் திறக்கும்போது நடக்கலாம், அந்தக் கனெக்ஷனில் யாராவது முதல் தடவை தொடும்போதும் நடக்கலாம். அதனால் கனெக்ஷன் திறக்கும்போது என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

போஸ்ட்கிரஸ் ஓடும் மெஷினில் போஸ்ட்மாஸ்டர் என்ற தாய் ப்ராசஸ் ஒன்று, வழக்கமாக 5432 என்ற போர்ட்டில் காது வைத்து உட்கார்ந்திருக்கும். ஒரு கிளையன்ட் வந்து கதவைத் தட்டியதும், தாய் தன்னையே நகலெடுத்து ஒரு சேயைப் பெறுகிறது. யூனிக்ஸ் மொழியில் இதற்கு ஃபோர்க் என்று பெயர். அந்தச் சேய்தான் பேக்எண்ட். அந்தக் கிளையன்ட் போகும்வரை அவருக்கென்றே இருக்கும். நூறு கனெக்ஷன் என்றால் நூறு பேக்எண்ட், நூறு ப்ராசஸ்.

பிறந்த சேய் முதலில் கிளையன்ட் அனுப்பிய தொடக்கப் பாக்கெட்டைப் படிக்கிறது. எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், கூடவே ஏதாவது செட்டிங் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு பிஜி_எச்பிஏ கோப்பைப் பார்த்து ஆள் சரியானவர்தானா என்று சோதிக்கிறது. அது முடிந்தபின் டேட்டாபேஸைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, அதற்குள் நுழைய இந்தப் பயனருக்கு உரிமை உண்டா என்று பார்க்கிறது. அடுத்து செட்டிங்குகள்: இந்த டேட்டாபேஸுக்கு, இந்தப் பயனருக்கு என்று முன்பே ஆல்டர் டேட்டாபேஸ், ஆல்டர் ரோல் கட்டளைகளால் எழுதிவைத்தவை எல்லாம் இப்போது அமலுக்கு வருகின்றன. அவை அமலான உடனே, கிளையன்டிடம் ‘தயார், கேள்’ என்று சொல்வதற்கு முன்னால், ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கனெக்ஷன் தொடக்கத்தில் எக்ஸ்டென்ஷன் ஏறுவது அந்த இடைவெளியில்தான்.

ஏன் அதற்கு முன்னால் இல்லை? எந்த லைப்ரரியை ஏற்றுவது என்பதே ஒரு செட்டிங். செட்டிங் என்னவென்று முடிவாவதற்கு முன் எதை ஏற்றுவது?

இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். லினக்ஸில் போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்கள் கையோடு செய்து பாருங்கள், எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மொழியே ஒரு எக்ஸ்டென்ஷன்தான், ஒவ்வொரு டேட்டாபேஸிலும் முன்பே பதிவாகியிருக்கும். போஸ்ட்கிரஸோடு வரும் கட்டளைவரி கிளையன்டான பிஎஸ்க்யூஎல்லில் புதிதாக உள்ளே போய், பிஜி_பேக்எண்ட்_பிஐடி என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு உங்கள் பேக்எண்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு டெர்மினலில், ப்ராக் அடைவுக்குள் அந்த எண்ணுள்ள அடைவிலிருக்கும் மேப்ஸ் கோப்பைத் திறந்து (சூடோ வேண்டியிருக்கும்) அதில் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் என்று தேடுங்கள். ஒன்றும் வராது. மேடையில் இருக்கிறது, ஸ்விட்ச் போடவில்லை.

இப்போது பிஎஸ்க்யூஎல்லுக்குத் திரும்பி, அந்த மொழியிலேயே, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு டூ பிளாக் ஓட்டுங்கள்:

டூ $$ பிகின் எண்ட் $$;

மறுபடி மேப்ஸ் கோப்பில் தேடுங்கள். லைப்ரரிக் கோப்பின் பெயர் சில வரிகளில் வந்து நிற்கும். அந்த ஒற்றை வரி ஓடிய நொடியில் பேக்எண்ட் அந்தக் கோப்பைத் தேடி எடுத்துத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. கனெக்ஷனை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் பழையபடி காலி. அது வேறு ப்ராசஸ். பதிப்பு 18 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். பிஜி_கெட்_லோடட்_மாட்யூல்ஸ் என்ற ஃபங்ஷன், இந்தக் கனெக்ஷனில் ஏறியிருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலாகவே தந்துவிடும். ஆனாலும் ஒருமுறையாவது மேப்ஸைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ‘லைப்ரரி என்பது ப்ராசஸின் சொத்து, டேட்டாபேஸின் சொத்து இல்லை’ என்பது அங்கே பார்த்தால்தான் மனதில் ஒட்டும்.

போஸ்ட்கிரஸின் இயல்பான வழக்கம் இந்தச் சோம்பேறித்தனம்தான்: தொட்டால்தான் ஏற்றும். வரைபட வேலைக்கான போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள், புதிய கனெக்ஷனில் முதல் வரைபடக் குவெரி கொஞ்சம் தயங்குவதையும் அடுத்தது சட்டென்று ஓடுவதையும் பார்த்திருப்பார்கள். லைப்ரரியும் அது இழுத்துவரும் மற்ற லைப்ரரிகளும் ஏறும் நேரம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. கனெக்ஷனைத் திறந்து ஒரே ஒரு குவெரி ஓட்டி மூடும் அப்ளிகேஷன் இந்தக் கூலியை ஒவ்வொரு தடவையும் கொடுக்கிறது.

சரி, லைப்ரரி ஏறியதும் என்ன நடக்கும்? போஸ்ட்கிரஸ் முதலில், அது இந்தப் பதிப்புக்கென்று கம்பைல் செய்ததுதானா என்று உள்ளே ஒரு முத்திரையைப் பார்க்கும். முத்திரை ஒத்துப்போனால், லைப்ரரியில் _பிஜி_இனிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் உடனே கூப்பிடும். ஒரு ப்ராசஸில் ஒரே ஒரு தடவை. எக்ஸ்டென்ஷனின் தொடக்க வேலை என்று எது உண்டோ அது அங்கேதான் நடக்கிறது. _பிஜி_ஃபினி என்று ஒன்றும் முன்பு பெயரளவில் இருந்தது, இறக்கும்போது கூப்பிட. ஆனால் போஸ்ட்கிரஸ் லைப்ரரியை இறக்குவதே இல்லை. கூப்பிடவே கூப்பிடாத அந்த ஃபங்ஷனைப் பதிப்பு 15இல் தூக்கிவிட்டார்கள்.

_பிஜி_இனிட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு காரியம் இருக்கும். ஒன்று, தன் செட்டிங்குகளை அறிவிப்பது. ஆட்டோ_எக்ஸ்பிளெயின்.லாக்_மின்_டியூரேஷன் என்பது அப்படி அறிவிக்கப்படும் ஒன்று. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. லைப்ரரி ஏறுவதற்கு முன்பே அந்தச் செட்டிங்குக்கு மதிப்புக் கொடுக்கலாம். பெயரின் நடுவில் புள்ளி இருந்தால், ‘இது எந்த எக்ஸ்டென்ஷனுக்கோ உரியது, அது வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்’ என்று போஸ்ட்கிரஸ் ஓரமாக எடுத்துவைக்கும். வசதிதான், ஆனால் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் அதையும் அதே மரியாதையோடு எடுத்துவைக்கும்! பதிப்பு 15இலிருந்து எக்ஸ்டென்ஷன் தன் முன்பெயரைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்த எக்ஸ்டென்ஷன் ஏறும்போது, தெரியாத பெயர் இருந்தால் எச்சரிக்கை கொடுத்து அதை நீக்கிவிடும்.

இன்னொரு காரியம், கொக்கி மாட்டுவது. போஸ்ட்கிரஸின் ஓட்டத்தில் பல இடங்களில் ஹுக் என்ற கொக்கிகள் தொங்குகின்றன: குவெரி திட்டமிடும் இடம், ஓட்டத் தொடங்கும் இடம், ஓட்டி முடிக்கும் இடம், ஆளைச் சோதித்து முடித்த இடம். ஒவ்வொன்றும் ஒரு வேரியபிள்தான். எக்ஸ்டென்ஷன் தன் ஃபங்ஷனை அதில் மாட்டிவிட்டால், ஓட்டம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அது கூப்பிடப்படும். முன்பே யாராவது மாட்டியிருந்தால் அவர்களின் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, தன் வேலை முடிந்ததும் அவர்களையும் கூப்பிட வேண்டும் என்பது மரபு. இப்படிச் சங்கிலியாகத் தொங்குவதால் ஏறும் வரிசை சில சமயம் முக்கியமாகிறது. சிட்டஸ் என்ற எக்ஸ்டென்ஷன், சர்வர் கிளம்பும்போது ஏற்ற வேண்டிய லைப்ரரிகளின் பட்டியலில் தன் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லும். இல்லாவிட்டால் சர்வரையே கிளம்ப விடாது.

தொட்டால் ஏறும் என்ற வழக்கம் ஃபங்ஷன் உள்ள எக்ஸ்டென்ஷனுக்குச் சரி. ஆட்டோ_எக்ஸ்பிளெயினைத் தொட வழியே இல்லையே? அதனால்தான் முன்கூட்டியே ஏற்றச் சொல்லும் செட்டிங்குகள் இருக்கின்றன. ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸில் எழுதியவை சர்வர் கிளம்பும்போதே தாயில், அதாவது போஸ்ட்மாஸ்டரில் ஏறுகின்றன. அப்புறம் பிறக்கும் சேய் எல்லாம் அவற்றோடுதான் பிறக்கும். ஃபோர்க் என்பது நகல்தானே. அந்த நகலும் சிக்கனமானது. யாராவது எழுதும்வரை தாயின் நினைவகப் பக்கங்களையே சேயும் பகிர்ந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு கனெக்ஷனும் லைப்ரரியை ஏற்றிக் களைக்க வேண்டாம், _பிஜி_இனிட்டும் தாயில் ஓடியதோடு சரி. விண்டோஸில் ஃபோர்க் கிடையாது. அங்கே ஒவ்வொரு பேக்எண்டும் தானே முதலிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், அதனால் இந்த லாபம் அங்கே இல்லை.

தாயில் ஏற்றியே தீர வேண்டிய எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எல்லாக் கனெக்ஷன்களின் குவெரிக் கணக்கையும் ஒரே இடத்தில் கூட்டுகிறது. அதற்கு எல்லா ப்ராசஸும் பார்க்கும் பொது நினைவகத்தில் இடம் வேண்டும். அந்தப் பொது நினைவகத்தின் அளவு சர்வர் கிளம்பும்போதே முடிவாகிவிடும். ‘எனக்கும் ஒரு பங்கு’ என்று அதற்கு முன்பே கை தூக்கியிருக்க வேண்டும். (பதிப்பு 17இல், ஓடும்போதே பெயர் சொல்லிப் பொது நினைவகம் வாங்கும் வசதி வந்திருக்கிறது. ஆகவே புதிதாக எழுதப்படும் எக்ஸ்டென்ஷன்களுக்கு இந்தக் கட்டாயம் குறையலாம்.) கிரியேட் எக்ஸ்டென்ஷன் மட்டும் கொடுத்துவிட்டு அதன் வியூவைத் திறந்தால், ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ் வழியாக ஏற்றியிருக்க வேண்டும் என்று பிழைச் செய்தி முகத்தில் அறையும். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அதைப் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது செஷன்_பிரீலோட்_லைப்ரரீஸ். 2014இல் 9.4 பதிப்போடு வந்தது. இதிலிருப்பவை தாயில் ஏறாது. ஒவ்வொரு கனெக்ஷனும் தொடங்கும்போது, நான் மேலே சொன்ன அந்தச் சின்ன இடைவெளியில் ஏறும். சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பது இதன் முதல் சுகம். ஒரு பயனருக்கு மட்டும், ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் என்று போடலாம் என்பது இன்னொன்று. பெயர் கொடுக்க சூப்பர்யூசர் வேண்டும், அல்லது அந்தச் செட்டிங்கை மாற்ற உரிமை பெற்றவர் வேண்டும். லோக்கல்_பிரீலோட்_லைப்ரரீஸ் என்று மூன்றாவதும் உண்டு. அதை யாரும் போடலாம், ஆனால் லைப்ரரி அடைவுக்குள் பிளகின்ஸ் என்ற உள்ளடைவில் நிர்வாகி வைத்திருக்கும் கோப்புகளை மட்டும்தான் ஏற்ற முடியும். என் அனுபவத்தில் அதைப் பயன்படுத்தியவர்களைப் பார்த்ததே இல்லை.

தம்பிக்கு வேண்டியது செஷன் பட்டியல்தான். அறிக்கைக் கணக்கின் பெயர் ரிப்போர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால்:

ஆல்டர் ரோல் ரிப்போர்ட்ஸ் செட் செஷன்_பிரீலோட்_லைப்ரரீஸ் = 'ஆட்டோ_எக்ஸ்பிளெயின்';
ஆல்டர் ரோல் ரிப்போர்ட்ஸ் செட் ஆட்டோ_எக்ஸ்பிளெயின்.லாக்_மின்_டியூரேஷன் = '500எம்எஸ்';

இரண்டாவது வரியை மறந்தால் லைப்ரரி ஏறி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் தொடக்க மதிப்பு -1, அதாவது எதையும் எழுதாதே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. தாயில் ஏறும் லைப்ரரியின் _பிஜி_இனிட் ஓடும் நேரத்தில் கனெக்ஷன் இல்லை, பயனர் இல்லை, டேட்டாபேஸும் இல்லை. ஒரு டேபிளைப் படிக்க முடியாது. ஆனால் எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கு அடிக்கடி வரும் ஆசை, ‘ஒவ்வொரு கனெக்ஷனும் தொடங்கும்போது என் டேபிளிலிருந்து ஒரு வரி படித்து வைத்துக்கொள்ள வேண்டும்’ என்பதுதான். தாய்வழி ஏற்றினால் அதை _பிஜி_இனிட்டில் செய்ய முடியாது. ஆளைச் சோதித்த இடத்தில் ஒரு கொக்கி இருக்கிறதே என்று அதைப் பிடித்தாலும், அந்த நேரத்தில் இன்னும் டேட்டாபேஸுக்குள் நுழைந்திருக்க மாட்டோம். ஆத்_டிலே போன்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்தக் கொக்கி பொருத்தம்: கடவுச்சொல் தவறாகப் போட்டவனைக் கொஞ்சம் காக்க வைத்து அனுப்ப டேபிள் எதற்கு? செஷன் தொடங்கும் இடத்திலேயே ஒரு கொக்கி வைத்துவிடலாம் என்று முயன்று, கோடில் சேர்த்தும், பிறகு திரும்ப எடுத்துவிட்டார்கள்.

டைம்ஸ்கேல்டிபி என்ற எக்ஸ்டென்ஷன் இதைச் சமாளிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். ஒரே சர்வரில் ஒரு டேட்டாபேஸ் அதன் பழைய பதிப்பிலும் இன்னொன்று புதிய பதிப்பிலும் இருக்கலாம். எந்தக் கனெக்ஷன் எங்கே போகப்போகிறது என்று தாய்க்குத் தெரியாது. அதனால் தாயில் ஏறுவது ஒரு சின்ன லோடர் மட்டும். கனெக்ஷன் தன் டேட்டாபேஸுக்குள் போன பிறகு, அங்கே எக்ஸ்டென்ஷன் பதிவாகியிருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று பார்த்து, அந்தப் பதிப்பு எண்ணைப் பெயரிலேயே தாங்கிய பெரிய லைப்ரரியை லோடர் ஏற்றுகிறது. நாமே எழுதினாலும் இதே வழிதான் நல்லது: _பிஜி_இனிட்டில் கொக்கியை மட்டும் மாட்டு, டேபிளைத் தொடும் வேலையை முதல் குவெரி வரும்வரை தள்ளிப்போடு.

செஷன் பட்டியலில் ஏறும் லைப்ரரிக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அண்மைப் பதிப்புகளில் அந்த ஏற்றம் கனெக்ஷன் தொடக்கத்தின் டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே நடக்கிறது. டேட்டாபேஸைப் பார்க்க வேண்டியிருந்தால் பார்க்கலாம். சி எழுதத் தெரியாதவர்களுக்குப் பதிப்பு 17 வேறொரு வழி திறந்தது: லாகின் ஈவன்ட் டிரிகர். யாராவது உள்ளே வந்ததும் ஓடும் ஃபங்ஷனைச் சாதாரண பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிவிடலாம். ஒரு எச்சரிக்கை: படிக்க மட்டும் திறந்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வரிலும் அது ஓடும். ‘இன்னார் இத்தனை மணிக்கு வந்தார்’ என்று டேபிளில் எழுதும் டிரிகர் அங்கே எழுத முடியாமல் விழும், வந்தவரும் வெளியே நிற்பார். எழுதுவதற்கு முன், இது ஸ்டாண்ட்பையா என்று பிஜி_ஈஸ்_இன்_ரிகவரி என்ற ஃபங்ஷனிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

‘வெளியே நிற்பார்’ என்று சும்மா சொல்லவில்லை. கனெக்ஷன் தொடக்கத்தில் ஓடும் எதுவும் வாசற்படியில் வைத்த கல். செஷன் பட்டியலில் உள்ள ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கனெக்ஷனே தோற்கும். ஆல்டர் டேட்டாபேஸ் கொடுக்கும்போது, நீங்கள் சொன்ன பெயரில் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று போஸ்ட்கிரஸ் பார்ப்பதில்லை. பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் கட்டளை வெற்றி என்றுதான் வரும். அடுத்து வருபவர் முதல் எல்லோரும் வெளியே, சூப்பர்யூசரும்தான். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு இணையான இனிட்_கனெக்ட் என்ற செட்டிங்கில், நிர்வாக உரிமை உள்ளவர் வரும்போது அந்தத் தொடக்க வரிகளை ஓட்டவே மாட்டார்கள், உள்ளே வந்து சரிசெய்ய ஒருவராவது வேண்டுமே என்று. இந்த ஒரு விஷயத்தில் மைஎஸ்க்யூஎல் சமர்த்து.

பதற வேண்டாம், வழி இருக்கிறது. ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் போட்டிருந்தால், இன்னொரு டேட்டாபேஸ் வழியாக உள்ளே போய் ஆல்டர் டேட்டாபேஸ் ... ரீசெட் கொடுத்தால் தீர்ந்தது. ஆல்டர் சிஸ்டம் மூலம் போட்டிருந்தால் போஸ்ட்கிரஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு சர்வரை ரீலோட் செய்ய வேண்டும். லாகின் டிரிகர் மாட்டிக்கொண்டால் ஈவன்ட்_டிரிகர்ஸ் என்ற செட்டிங்கை ஆஃப் செய்து உள்ளே போகலாம்.

ஆல்டர் சிஸ்டத்தில் ஒரு குழி தனியாக இருக்கிறது. கான்ஃப் கோப்பில் பல லைப்ரரிகளை ஒரே மேற்கோள் குறிக்குள் கமா போட்டு எழுதுவோம், அது சரி. அதே பழக்கத்தில் ஆல்டர் சிஸ்டம் கட்டளையிலும் ஒரே மேற்கோளுக்குள் இரண்டு பெயரை எழுதினால், கமாவும் சேர்ந்த ஒரே நீளப் பெயராக அது எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கோப்பு எங்கே இருக்கும்? ஷேர்டு பட்டியலாக இருந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வர் எழுந்திருக்காது. கட்டளையில் ஒவ்வொரு பெயருக்கும் தனி மேற்கோள் போட வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். சில ஆண்டுகளுக்கு முன், முன்பு வேலை பார்த்த இடத்தில், தம்பிக்குச் சொன்ன இதே இரண்டு வரிகளை ஒரு கணக்குக்குப் போட்டேன். லாகைத் திறந்து பார்த்தால் சில குவெரிகளின் திட்டம் வருகிறது, சில வரவில்லை. அதே குவெரி, அதே கணக்கு. ஒரு நிமிடம் வருகிறது, அடுத்த நிமிடம் இல்லை. நேர வரம்பைக் குறைத்தேன், கூட்டினேன், லாக் செட்டிங் எல்லாவற்றையும் குடைந்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாமே ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான் எதையும் தொடவில்லை.

நடுவில் பிஜிபவுன்ஸர் என்ற பூலர், அதாவது திறந்த கனெக்ஷன்களைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்துகொடுக்கும் இடைத்தரகர், இருந்ததை மறந்திருந்தேன். அப்ளிகேஷன் ‘கனெக்ஷன் திறக்கிறேன்’ என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் பூலர் தன்னிடம் முன்பே திறந்திருக்கும் ஒன்றைக் கையில் கொடுக்கும். செஷன் பட்டியலை மாற்றினால் அது புதிய பேக்எண்டுகளுக்குத்தான். நான் கட்டளை கொடுப்பதற்கு முன் பிறந்த பேக்எண்டுகள் பழையபடியேதான் இருந்தன, புதிதாகப் பிறந்தவை மட்டும் ஆட்டோ_எக்ஸ்பிளெயினோடு வந்தன. பூலர் இரண்டையும் கலந்து விநியோகித்துக்கொண்டிருந்தது. அதன் சர்வர்_லைஃப்டைம் செட்டிங் மாற்றாமல் விட்டால் 3600 வினாடி. அதற்கு மேல் வயதான கனெக்ஷன் சும்மா இருக்கும்போது மூடிவிடும். ஒரு மணி நேரத்தில் பழையவை எல்லாம் ஓய்வுபெற்றுவிட்டன, அவ்வளவுதான் மாயம். டிஸ்கார்ட் ஆல் கொடுத்தால் பேக்எண்ட் புதிதாகிவிடுமே என்று அப்போது நினைத்தேன். அது செட்டிங்கையும் தற்காலிக டேபிளையும் துடைக்குமே தவிர, ஏறிய லைப்ரரியை இறக்காது, ஏறாததை ஏற்றவும் செய்யாது. பூலரின் நிர்வாகக் கன்சோலில் ரீகனெக்ட் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

எக்ஸ்டென்ஷனை மேம்படுத்தும்போதும் இதே கதைதான் வேறு உருவில் வரும். பேக்கேஜ் மேனேஜர் டிஸ்கில் புதிய லைப்ரரியை வைத்துவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடும் பேக்எண்டுகள் பழையதையே பிடித்திருக்கும். தொட்டால் ஏறும் வகை என்றால் புதிய கனெக்ஷன்களில் புதியது வரும். தாயில் ஏறிய வகை என்றால் புதிய கனெக்ஷனும் தாயிடமிருந்து பழையதைத்தான் வாங்கிக்கொண்டு பிறக்கும், ரீஸ்டார்ட் செய்யும்வரை. அந்த இடைவெளியில் ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் கொடுத்தால், டேட்டாபேஸில் பதிவாக வேண்டிய புதிய ஃபங்ஷன் நினைவகத்திலிருக்கும் பழைய லைப்ரரியில் இருக்காது. ஃபங்ஷனைக் காணோம் என்று பிழை வரும். முதலில் கோப்பு, அப்புறம் ரீஸ்டார்ட், அதற்கு அப்புறம் அப்டேட் என்ற வரிசையில் போனால் சிக்கல் இல்லை.

தம்பி இரண்டு வரிகளையும் போட்டுவிட்டு வந்து, “இன்னும் ஒண்ணும் வரலை அண்ணா” என்றான். பிஎஸ்க்யூஎல்லைக் காலையில் திறந்தபடியே வைத்திருந்தான். மூடிவிட்டுத் திறக்கச் சொன்னேன்.